பட்டிமன்றத்தில் எனக்கு மாநில அணி: சேலத்திலிருந்தே ஒரு உதாரணம் கிடைக்குமா?

அம்மாபேட்டை நெசவு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த வாரம் பட்டிமன்றம். "கொள்கைச் சீர்திருத்தங்களை முன்னெடுப்பது மாநில அரசா, மத்திய அரசா?" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு மாநில அணி விழுந்தது.

எதிரணிக்கு வேலை சுலபம். 1991 பொருளாதாரச் சீர்திருத்தம், தகவல் அறியும் உரிமை, நூறு நாள் வேலை, ஜிஎஸ்டி என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். என் பக்கம் சத்துணவு இருக்கிறது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்ஜிஆர், 1995-ல்தான் மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம், 2022-ல் காலை உணவு. எல்லாம் மனப்பாடம். ஆனால் எங்கள் மேடம், "சத்துணவை ஆரம்பித்தாலே கூட்டம் கை தட்டும், நடுவர் கொட்டாவி விடுவார். வேறு ஏதாவது கொண்டு வா" என்கிறார்.

சேலத்தோடு தொடர்புள்ள உதாரணம் இருந்தால் நன்றாக இருக்கும். இன்னொன்றும் உறுத்துகிறது. பணமெல்லாம் டெல்லியிலிருந்துதானே வருகிறது, அப்புறம் மாநிலம் எதை முன்னெடுக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் அப்பாவைக் கேட்டேன். "எந்த கவர்மெண்டா இருந்தா என்ன, நூல் விலை இறங்குச்சா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

---

பூலாவரி தென்னை பதில்:

சேலத்து உதாரணம் வேண்டுமா? சேலம்-சென்னை எட்டு வழிச் சாலையை எடுத்துக்கொள். 2018-ல் திட்டம் மத்திய அரசுடையது. நிலத்தில் கல் நட போலீசோடு வந்த அதிகாரிகள் மாநில அரசுடையவர்கள். ரெண்டு பேரும் ஒரே பக்கம், நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி வழி திறந்துவிட்டது. யார் முன்னெடுத்தார்கள் என்று பட்டிமன்றம் வைப்பவர்கள், யார் தலைமேல் என்றும் ஒரு தலைப்பு வைக்கலாம்.

---

செவ்வாய்பேட்டை பேரேடு பதில்:

கண்ணு, நான் செவ்வாய்பேட்டையில் வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பழைய விற்பனை வரி, அப்புறம் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, அப்புறம் ஜிஎஸ்டி என்று மூன்று காலத்தையும் பார்த்தாச்சு. கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, மளிகை மொத்த வியாபாரம் எல்லாமே நம்மிடம் கணக்குக் கொடுத்தவர்கள்தான்.

எதிரணி ஜிஎஸ்டியோடு வரும் என்கிறாயே, வரட்டும். அந்த வரிக்குப் பாட்டன் ஒருவன் உண்டு. அவன் பிறந்ததே நம்ம ஜில்லாக் கள்ளுக்கடைகளை மூடியதால்தான்.

1935 இந்திய அரசுச் சட்டப்படி மாகாணங்களுக்கு ஓரளவு சுயாட்சி கிடைத்தது. 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார், அன்றைக்கு முதலமைச்சருக்கு அதுதான் பெயர். அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நம்ம நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். பதவிக்கு வந்த கையோடு மதுவிலக்குச் சட்டம் போட்டார். மாகாணம் முழுக்க ஒரே நாளில் செய்யவில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மட்டும் ஆரம்பித்தார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு நம்ம ஜில்லாதான். அடுத்து சித்தூர், கடப்பா, அப்புறம் வட ஆற்காடு என்று ஒவ்வொரு ஜில்லாவாகப் போனது.

கள்ளு சாராய வரும்படிதான் மாகாணக் கஜானாவுக்குப் பெரிய தூண். கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும். வருமான வரியும் சுங்கமும் டெல்லி கையில். நிலவரியை ஏற்ற முடியாது, குடியானவன் ஏற்கெனவே கடனில் கிடந்தான், அவனுக்காக 1938-ல் தனியாகக் கடன் நிவாரணச் சட்டமே போட வேண்டியிருந்தது. மிச்சம் என்ன? 1935 சட்டத்தின் மாகாணப் பட்டியலில் 'சரக்கு விற்பனை மீதான வரி' என்று ஒரு வரி இருந்தது. பெட்ரோல், புகையிலை மாதிரி ஒன்றிரண்டு சரக்குக்கு வேறு மாகாணங்கள் அதைத் தொட்டிருந்தன. எல்லாச் சரக்குக்குமாக யாரும் போடவில்லை. சென்னை மாகாணம் 1939-ல் போட்டது. பொது விற்பனை வரி என்ற சங்கதி இந்த நாட்டில் அங்கேதான் தொடங்கியது. வியாபாரிகள் கொதித்தார்கள். கொதிக்காமல் இருப்பார்களா?

இப்போது நீ மேடையில் சொல்ல வேண்டிய இடம். டெல்லி இதைக் கண்டு மகிழ்ந்து மற்ற மாகாணங்களுக்குப் பரப்பியதா? கேஸ் போட்டது! உற்பத்தியாளன் செய்யும் முதல் விற்பனைக்கு வரி போடுவது எங்கள் கலால் வரியில், அதாவது உற்பத்தி மீதான வரியில், கை வைப்பது என்று வாதம். 1942-ல் ஒரு வியாபாரி தொடுத்த வழக்கில், அன்றைக்கு நாட்டின் உயர்ந்த கோர்ட்டான ஃபெடரல் கோர்ட் மாகாணத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்படியும் விடாமல் கவர்னர் ஜெனரலின் அரசு தானே வழக்காடி கடைசி அப்பீல் கேட்கும் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1945-ல் அங்கேயும் மாகாணம்தான் ஜெயித்தது. அதற்குள் வங்காளமும் பஞ்சாபும் 1941-லேயே தங்கள் சட்டத்தைப் போட்டுவிட்டன, 1944-ல் பீகார், 1946-ல் பம்பாய். சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் ரோடு போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது எல்லாம் பெரும்பாலும் இந்த வரும்படியை நம்பித்தான். பணமெல்லாம் டெல்லியிலிருந்துதானே வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்.

பிறகு நடந்தது வேகமாகச் சொல்லிவிடலாம். வரிக்கு மேல் வரி ஏறுகிறது என்று வாட் வந்தது. அதில் நாம் முன்னோடி இல்லை. ஹரியானா 2003-லேயே போனது, தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான் சேர்ந்தது. வாட் வடிவத்தை வகுத்தது மாநில நிதியமைச்சர்களின் குழு, தலைவர் மேற்கு வங்கத்தின் அசிம் தாஸ்குப்தா. மாநிலங்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசிச் செய்தது என்பதால் இதுவும் உன் அணிக்குச் சேரும். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி. அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016-ல் மாநிலங்களவைக்கு வந்தபோது அதிமுக வெளிநடப்புச் செய்தது ஞாபகம் இருக்கும்.

ஜிஎஸ்டி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வேறு. முன்னெல்லாம் மாநில பட்ஜெட் வருகிறது என்றால் ஊருக்கு ஊர் சங்கத்தார் மனுவைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறுவார்கள். அமைச்சர் வீட்டுத் திண்ணை வரை போகலாம். பத்துக்கு ஒன்பது நடக்காது, ஒன்று நடக்கும், ஒரு சரக்கு இந்தப் பட்டியலிலிருந்து அந்தப் பட்டியலுக்கு மாறும். அது தப்பாகப் போனால் அடுத்த பட்ஜெட்டில் திருப்பிக்கொள்வார்கள். 2017-ல் ஜவ்வரிசிக்கு 5 சதவீதம், அதே மரவள்ளிக் கிழங்கின் ஸ்டார்ச்சுக்கு 12 சதவீதம் என்று வைத்தார்கள். ஒரே ஆலை, ஒரே கிழங்கு, ரெண்டு விகிதம். இதைக் கேட்க எங்கே போவது? விகிதத்தைப் பேசி முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பார், டெல்லி வேண்டாம் என்றால் எதுவும் நகராது. கவுன்சில் சொல்வது கட்டாயமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே என்பார்கள். ஏட்டில் சரி. தனியாக விகிதத்தை மாற்றிப் பார்க்க எந்த மாநிலத்துக்குத் துணிச்சல் வரும்?

இன்னும் ஒன்று பார். ஜிஎஸ்டிக்கு வெளியே மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க மிச்சம் இருப்பது எது? பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வண்டி வரி, மின்சார வரி, அப்புறம் சாராயம். 1937-ல் குடிக்காசு வேண்டாம் என்றதற்காக 1939-ல் விற்பனை வரியைக் கண்டுபிடித்தார்கள். 2017-ல் அந்த விற்பனை வரியைப் பொதுப் பந்தியில் வைத்துவிட்டு, குடிக்காசை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டார்கள். இன்றைக்கு ஒரு முதலமைச்சர் ஒரே ஒரு ஜில்லாவில் மதுவிலக்கு செய்து பார்க்கலாம் என்று நினைத்தாலும், அந்த ஓட்டையை அடைக்கப் புது வரி எதைப் போடுவார்? என் வாதம் இதுதான்: சீர்திருத்தம் மாநிலத்தில் பிறக்கிறது, டெல்லி அதை ஊரெல்லாம் கொண்டுபோகிறது, கொண்டுபோகும்போது சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த சீர்திருத்தம் பிறக்க இடமில்லாமல் போகிறது.

---

பத்திரம் எழுதும் ஓமலூர்க்காரி பதில்:

பேரேடு ஐயா சொன்னது நல்ல கதை. தங்கச்சிக்கு என் தொழிலிலிருந்து ஒன்று தருகிறேன், பெண்கள் நிறைய இருக்கும் கூட்டத்தில் எடுபடும்.

எங்கள் அப்பாவும் பத்திர எழுத்தர். பாகப்பிரிவினை எழுத ஒரு குடும்பம் வந்தால் ஒரு காலத்தில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பொண்ணுங்களுக்குக் கல்யாணம் எப்போ ஆச்சு?" என்பதுதான். நிலம் எத்தனை ஏக்கர் என்பதுகூட அப்புறம்தான். காரணம் 1989 மார்ச் 25. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்கு, பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவளுக்கு இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு. திண்ணையில் அக்கா தங்கை முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

ஆந்திரா இதை நமக்குக் கொஞ்சம் முன்பே செய்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-ல். கேரளா 1975-ல் கூட்டுக் குடும்பச் சொத்து முறையையே எடுத்துவிட்டது. மத்திய அரசு 2005-ல்தான் நாடு முழுக்கக் கொண்டுவந்தது, செப்டம்பர் 9 முதல் அமல். ஆனால் டெல்லி செய்தபோது அந்தக் கல்யாணத் தேதி ஓட்டையை அடைத்துவிட்டது. எப்போது கல்யாணம் ஆனாலும் மகள் மகள்தான். அப்பா 2005-ல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற சண்டையையும் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பதிவான பாகம் ஏதாவது இருக்கா?" அப்படிப் பதிவானதை 2005 சட்டம் கலைக்காது.

மாநிலம் முந்தியது நிஜம். அக்காவுக்கு நியாயம் டெல்லியிலிருந்து வந்ததும் நிஜம். மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள விஷயம் என்பதால், மத்திய சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் செய்ய ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும். 1989 சட்டத்துக்கும் வாங்கித்தான் செய்தார்கள்.

டெல்லி எடுத்துக்கொள்ளாத சீர்திருத்தமும் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தை 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமாக்கினோம். ஐயர் இல்லை, அக்னி இல்லை, மாலை மாற்றினால் செல்லும். மத்திய சட்டத்தில் அது இன்றுவரை பொதுவிதியாக ஏறவில்லை. மாநிலத்தில் பிறந்தது எல்லாம் டெல்லி போய்ச் சேரும் என்று மேடையில் சொல்லிவிடாதே.

---

மஞ்சக்குட்டை மிளகு பதில்:

மலையிலிருந்து ஒரு எதிர்ப்பாட்டு. நான் மலையாளி. கேரளாக்காரன் இல்லை, சேர்வராயன் மலை மலையாளி, பட்டியல் பழங்குடி. கீழே கல்லூரியில் படித்தபோது "ஓணம் லீவுக்கு ஊருக்குப் போகலையா?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டேன்.

மாநில அரசு கோட்டையில் புதுமை செய்யும்போது மலைமேல் யாரும் நினைப்பதில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாமை, ராகி போட்ட நிலத்துக்கு வனத்துறைக் கணக்கில் நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள். அதை உரிமை என்று முதலில் எழுதியது டெல்லியின் வன உரிமைச் சட்டம், 2006. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவித்த நிலத்துக்கு உரிமைப் பட்டா, நாலு ஹெக்டேர் வரை. மற்ற மாநிலங்களில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தபோது இங்கே 2008-ல் உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவோடு நின்றது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் அது நீங்கிய பிறகுதான் பட்டா கையில் வர ஆரம்பித்தது. இத்தனை வருஷமும் கோர்ட்டுக்குப் போய் அதைச் சீக்கிரம் நீக்க வேண்டும் என்ற அவசரம் எந்த ஆட்சிக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏற்காடு பழங்குடிக்கான தனித் தொகுதி, மாநிலத்தில் இப்படி இருப்பதே ரெண்டு. தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் எல்லோரும் மலையேறி வருவார்கள்.

அதற்காக டெல்லியைக் கும்பிடவும் இல்லை. ஆந்திரா, ஒடிசா பழங்குடி மலைகளுக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டில் ஒரு அங்குலம்கூட அதில் சேரவில்லை. அதனால் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996 சட்டமும் எங்களைத் தொடவில்லை. சேர்க்க வேண்டியவர் ஜனாதிபதி.

காபி விஷயமும் சொல்லிவிடுகிறேன், எதிரணி 1991 என்று ஆரம்பித்தால் உதவும். 1942 காபிச் சட்டப்படி விளைந்த காபியை எல்லாம் மத்திய அரசின் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துக்காரர் தன் கொட்டையைத் தானே விற்க முடியாது, பணம் தவணை தவணையாக வரும். 1990-களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, 1996-ல் முழுதாக விட்டார்கள். பெரிய சீர்திருத்தம்தான், ஆனால் அந்தக் கட்டைப் போட்டதும் டெல்லிதான்.

---

நியூஜெர்சி அஸ்தம்பட்டி பதில்:

இங்கே அமெரிக்காவிலும் இதே சண்டைதான். மாசசூசெட்ஸ் மாநிலம் 2006-ல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று சட்டம் போட்டது, அந்த அச்சில்தான் 2010-ல் ஒபாமாவின் சட்டம் வந்தது. நம்ம பக்கம் ஆந்திராவின் ஆரோக்யஸ்ரீ 2007, தமிழ்நாட்டின் கலைஞர் காப்பீடு 2009, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018. ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

ஆனால் ஜாக்கிரதை. இங்கே 'மாநில உரிமை' என்ற கோஷத்தைப் பிடித்துக்கொண்டவர்களில் கறுப்பர்களைத் தனிப் பள்ளியில் வைத்த தெற்கு மாநிலக்காரர்களும் உண்டு. 1964 சிவில் உரிமைச் சட்டமும் 1965 வாக்குரிமைச் சட்டமும் வாஷிங்டன் இறங்கி அடித்ததால்தான் நடந்தன. எதிரணியில் விவரமானவர் இருந்தால் இதை எடுப்பார்.

---

அம்மாபேட்டை நெசவு மீண்டும்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பத்திரம் எழுதும் அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். எங்கள் பெரியம்மாவுக்கு 1988-ல் கல்யாணம், உடனே ஃபோன் போட்டுவிட்டார்! வீட்டில் இப்போது வேறு பட்டிமன்றம் நடக்கிறது.

பேரேடு ஐயா, கள்ளுக்கடையில் ஆரம்பித்து ஜிஎஸ்டியில் முடிக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம். "ஜிஎஸ்டி வந்ததால்தான் செக்போஸ்ட்டில் லாரி காத்துக் கிடப்பது ஒழிந்தது, மாநிலங்கள் தனித்தனியாக இருந்தால் நடந்திருக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்ல?

---

செவ்வாய்பேட்டை பேரேடு பதில்:

ஒத்துக்கொள், கண்ணு. சங்ககிரியில் எந்த லாரிக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். எல்லையில் ராத்திரி முழுக்க வண்டியைப் போட்டுவிட்டு, பேப்பரில் குத்து வாங்கக் காசு கொடுத்தவர்கள் அவர்கள். இதில் மறுத்துப் பேசினால் கூட்டம் உன் பக்கம் இருக்காது. ஒத்துக்கொண்டு, "சரி, எல்லைக் கதவைத் திறக்க டெல்லி வேண்டும். ஜவ்வரிசிக்கு எத்தனை சதவீதம் என்றும் டெல்லியில்தான் முடிவாக வேண்டுமா?" என்று கேள். ரெண்டும் வேறு வேறு.

மலைக்காரத் தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிரணி அதை எடுத்தால் நீயும் சுற்றி வளைக்காதே. மாநிலத்துக்குள்ளும் ஒரு மாநிலம் இருக்கிறது, அதற்குக் கோட்டையே டெல்லி மாதிரித் தூரம் என்று சொல்லலாம்.

1945 வழக்கைச் சொல்லும்போது பெயரைச் சரியாகச் சொல். கவர்னர் ஜெனரல் இன் கவுன்சில் எதிர் மதராஸ் மாகாணம். நடுவர் வக்கீலாக இருந்தால் நிச்சயம் குறுக்கே கேட்பார். 1942 வழக்கு வேறு, அது 'பொட்டு பைடன்னா' என்ற கம்பெனியின் வழக்கு. ரெண்டையும் குழப்பிக்கொள்ளாதே. அப்புறம், வெளி ஆட்களை உள்ளே விடுவார்களா? எத்தனை மணிக்கு என்று போடு.